ஒப்டோமெட்ரி படிக்க எந்தப் பரீட்சை எழுத வேண்டும்? மலையக மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒப்டோமெட்ரிக்கென்று (பார்வையை அளந்து கண்ணாடிக்கு எண் கொடுக்கும் துறை) இலங்கையில் தனி நுழைவுப் பரீட்சை இருக்கிறதா?

அரச பல்கலைக்கழகத்துக்குள் போக இருக்கும் வாசல் ஒன்றுதான்: க.பொ.த. உயர்தரம். உயிரியல் பிரிவில் எழுதிய மூன்று பாடங்களின் இசட் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். “ஒப்டோமெட்ரி என்ட்ரன்ஸ் வகுப்பு” என்று ஹட்டனிலோ கண்டியிலோ யாராவது விளம்பரம் போட்டால், எந்த நிறுவனத்தின் எந்தப் பரீட்சைக்கு என்று முதலில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அந்தப் பணத்தை இரசாயனவியல் வகுப்புக்குக் கட்டுவது மேல்.

தனியார் நிறுவனங்கள் சில சிறிய எழுத்துப் பரீட்சையோ நேர்முகமோ வைக்கும். இந்தியக் கல்லூரிகளின் முறை வேறு. அமெரிக்காவுக்கு ஓஏடி (ஒப்டோமெட்ரி அட்மிஷன் டெஸ்ட்) என்ற பரீட்சை இருக்கிறது. அவற்றைப் பற்றிக் கீழே வருகிறது.

கண் டாக்டர், ஒப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடிக் கடைக்காரர்: மூவரும் ஒன்றா?

இல்லை. கண் வைத்திய நிபுணர் மருத்துவப் பட்டம் முடித்து, மேற்படிப்பும் படித்துச் சத்திரசிகிச்சை செய்பவர். ஒப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளப்பார், கண்ணாடிக்கும் தொடுவில்லைக்கும் எண் கொடுப்பார், நோயின் அடையாளம் தெரிந்தால் வைத்தியரிடம் அனுப்புவார். ஒப்டீஷியன் அந்த எண்ணுக்கு ஏற்ப வில்லையைப் பொருத்திக் கொடுப்பவர். அரச வைத்தியசாலைகளின் கண் சிகிச்சைப் பிரிவுகளில் கண் தொழில்நுட்பவியலாளர் என்று இன்னொரு பதவியும் உண்டு. சுகாதார அமைச்சுப் பயிற்சிகளுக்கான விண்ணப்பங்களை அரச வர்த்தமானியில் கோருவார்கள். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும், வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். முடிவுத் திகதி தாண்டிய பிறகு வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி ஓடுபவர்கள்தான் அதிகம்.

உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் எடுக்க வேண்டும்?

உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுக்க வழி உண்டு. மலையகத்தில் பல பாடசாலைகளில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாததால் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கண் துறை வேண்டுமென்றால் அப்படித் திரும்ப வேண்டாம். துணை மருத்துவப் பட்டங்கள் பலவற்றுக்குப் பௌதிகவியல் இல்லாமல் கதவு திறக்காது. திறந்தாலும் முதல் வருடத்திலேயே ஒளியியல் வந்து முன்னால் நிற்கும்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி, என்ன தகைமை, எத்தனை இடம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் பார்க்க வேண்டும். அண்ணன் விண்ணப்பித்த வருடத்துக் கைந்நூலை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பாடநெறிகள் கூடும், குறையும், தகைமையும் மாறும்.

மூன்று பாடங்களிலும் குறைந்தது எஸ் தர சித்தி வேண்டும், அதுவும் ஒரே அமர்வில். அத்துடன் எல்லாப் பிரிவினரும் எழுதும் ‘காமன் ஜெனரல் டெஸ்ட்’டில் 30 புள்ளியும் வேண்டும். அது பெறுபேற்றுத் தாளில் மூலையில் கிடக்கும் சின்ன எண். 30க்குக் கீழே போனால் மூன்று ஏ இருந்தும் பயனில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் எழுதலாம்.

இசட் புள்ளி எப்படி வருகிறது? 70 புள்ளி எடுத்தால் போதுமா?

புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பௌதிகவியலில் சராசரி 40, நியம விலகல் 20 என்றால் உங்கள் 70க்கு இசட் 1.5. உயிரியலில் சராசரி 55, நியம விலகல் 15 என்றால் அதே 70க்கு 1.0 மட்டுமே. மூன்று பாடங்களின் இசட்டையும் கூட்டி மூன்றால் வகுப்பதுதான் உங்கள் கடைசி எண்.

இதில் பிள்ளைகள் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் நன்றாகச் செய்யும் பாடத்தில் 75ஐ 80 ஆக்குவதைவிட, எல்லோரும் தடுமாறும் பாடத்தில் 45ஐ 55 ஆக்குவது அதிகம் கொடுக்கும். கண் படிக்கப் போகிறேன் என்று உயிரியலிலேயே நேரத்தைக் கொட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

மாவட்ட அடிப்படையில் மலையகத்துக்குச் சலுகை உண்டா?

பொதுவான முறை இது: இடங்களில் 40 வீதம் முழுத் தீவுத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் இருக்கின்றன. கண்டியும் மாத்தளையும் இல்லை. சில பாடநெறிகளுக்கு மாவட்ட ஒதுக்கீடே இல்லாமல் முழுத் தீவுத் தகுதியில் மட்டும் எடுப்பார்கள். அது கைந்நூலில் அந்தப் பாடநெறியின் கீழ் எழுதியிருக்கும்.

ஆகவே தலவாக்கலையில் வீடு, கண்டியில் பாடசாலை என்ற பிள்ளைக்கு எந்த மாவட்டம் என்பது பெரிய கேள்வி. வீட்டு முகவரியை மட்டும் வைத்து நுவரெலியா என்று எண்ணிவிடாதீர்கள். கடைசி மூன்று ஆண்டு எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்ற பதிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். சாதாரண தரம் முடிந்ததும் ‘பெரிய பாடசாலை’க்கு மாறும் முன் இதையும் சேர்த்து யோசியுங்கள். நல்ல ஆய்வுகூடம் கிடைக்கலாம், வெட்டுப்புள்ளி உயரவும் செய்யலாம். எங்கள் கருத்து: சொந்த ஊரில் மூன்று பாடத்துக்கும் ஆசிரியர் இருந்தால் மாற வேண்டாம். பௌதிகவியலுக்கு ஆள் இல்லையென்றால் மாறுங்கள். ஆசிரியர் இல்லாமல் இழக்கும் புள்ளியை ஒதுக்கீடு ஈடு செய்யாது.

வினாத்தாள்கள் எப்படி இருக்கும்?

மூன்று பாடத்துக்கும் முதல் தாள் 50 பல்தேர்வு வினா, 2 மணித்தியாலம், வினாவுக்கு ஐந்து விடை. ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி வரும். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது.

இரண்டாம் தாள் 3 மணித்தியாலம், அதற்கு முன் வாசிக்க 10 நிமிடம். பௌதிகவியலில் அமைப்புக் கட்டுரை நான்கும் கட்டாயம், கட்டுரை ஆறில் நான்கு. அமைப்புக் கட்டுரைக்கு 15 நிமிடம் வீதம் ஒரு மணித்தியாலம், கட்டுரைக்கு 28 நிமிடம் வீதம் 112 நிமிடம் என்று பிரித்தால் கடைசியில் 8 நிமிடம் மிஞ்சும். சுட்டெண் எழுதினோமா, அலகு போட்டோமா என்று பார்க்க அது போதும்.

பல்தேர்வில் அதிகம் நடக்கும் விபத்து, ஒரு வினாவைத் தாண்டிப் போகும்போது விடைத்தாளில் வரிசை மாறிவிடுவது. 17ஐ விட்டு 18க்குப் போனவர் புள்ளடியை 17இல் போட்டுவிடுவார், 30 வரை தெரியாது. ஒவ்வொரு 10 வினாவுக்கும் நிறுத்தி எண்ணைச் சரிபார்ப்பதைப் பயிற்சித் தாளிலேயே பழக்கமாக்குங்கள்.

ஒளியியலில் எதைப் பழக வேண்டும்?

பௌதிகவியலில் ஒளியியல் தனி அலகல்ல. அலைவுகளும் அலைகளும் என்ற பெரிய அலகின் உள்ளே வருகிறது: தெறிப்பு, முறிவு, அரியம், வில்லை, மனிதக் கண், நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி. பொறிமுறையைப் போலப் பாரமான பகுதியல்ல. ஒழுங்காகச் செய்தால் முழுப் புள்ளி எடுக்கலாம், ஒப்டோமெட்ரியிலும் அப்படியே கூட வரும்.

முதல் வேலை, ஒரே ஒரு குறிவழக்கைத் தெரிவு செய்வது. பாடசாலைக் குறிப்பில் ஒரு வழக்கு, டியூஷனில் இன்னொன்று, யூடியூப்பில் மூன்றாவது என்று கலக்கும்போது குவிவு வில்லையின் குவியத்தூரத்துக்கு நேர்க்குறியா மறைக்குறியா என்ற குழப்பம் வரும். எதை எடுத்தாலும் விடை ஒன்றுதான். ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால்தான் பிழைக்கும். கணக்கைத் தொடங்கும் முன் மேலே ஓர் அம்புக்குறி போட்டு நேர்த்திசையைக் குறியுங்கள்.

பார்வைக் குறைபாட்டுக் கணக்குகள் இரண்டு வகைதான். குறும்பார்வை உள்ளவருக்குச் சேய்மைப் புள்ளி 50 சென்ரிமீற்றர் என்றால், முடிவிலியிலிருந்து வரும் கதிர் அந்த இடத்திலிருந்து வருவதுபோலத் தோன்ற வேண்டும். குவியத்தூரம் 0.5 மீற்றர், குழிவு வில்லை, வலு −2 டயொப்டர். தூரப்பார்வை உள்ளவருக்கு அண்மைப் புள்ளி 1 மீற்றர், அவர் 25 சென்ரிமீற்றரில் புத்தகம் வாசிக்க வேண்டும் என்றால், 0.25 மீற்றரின் நேர்மாறான 4 இலிருந்து 1 மீற்றரின் நேர்மாறான 1 போக +3 டயொப்டர். சென்ரிமீற்றரை மீற்றராக்காமல் நேர்மாறு எடுப்பதுதான் வழமையான தவறு. விடை 0.02 என்று வந்தால், அப்படி ஒரு கண்ணாடியை யாரும் போடுவதில்லை என்று உடனே சந்தேகம் வர வேண்டும்.

இன்னொரு நல்ல பயிற்சி: வைத்தியசாலைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டை. 6/6 வரியின் எழுத்து 6 மீற்றர் தூரத்தில் கண்ணில் 5 கலைக் கோணம் அமைக்க வேண்டும். ஒரு பாகைக்கு 60 கலை. கோணத்தை ஆரையனாக மாற்றி 6000 மில்லிமீற்றரால் பெருக்கினால் ஏறத்தாழ 8.7 மில்லிமீற்றர் வரும். 6/60 எழுத்து அதன் பத்து மடங்கு. கல்குலேட்டர் இல்லாமல் செய்து பாருங்கள். சிறுகோண அண்ணளவாக்கம் மனதில் பதிய இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

பரிசோதனைகளில் எங்கே புள்ளி போகிறது?

திருசியமானியில் (ஸ்பெக்ட்ரோமீட்டர்). செப்பஞ்செய்யும் ஒழுங்கைக் கேட்பார்கள், பிள்ளைகள் தலைகீழாக எழுதுவார்கள். முதலில் பார்வைத்துண்டை நகர்த்திக் குறுக்குக் கம்பிகளைத் தெளிவாக்க வேண்டும். அடுத்து தொலைகாட்டியைத் தூரத்துப் பொருளொன்றுக்குக் குவிக்க வேண்டும், அப்போதுதான் அது சமாந்தரக் கதிரை ஏற்கும். பிறகு நேர்வரிசையாக்கியின் துளையை ஒடுக்கி, அந்தத் தொலைகாட்டி வழியே கூர்மையாகத் தெரியும்வரை செப்பஞ்செய்ய வேண்டும். கடைசியில் அரிய மேசையை மூன்று திருகுகளாலும் மட்டமாக்க வேண்டும். தொலைகாட்டி சரியாகாமல் நேர்வரிசையாக்கியைத் தொட்டால் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். துளை தெளிவாகத் தெரியும், ஆனால் கதிர் சமாந்தரமாக இராது. இதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

மலைநாட்டில் இன்னொரு சங்கடம். பனிமூட்டம் மூடிய காலையில் தூரத்துப் பொருளுக்கு எங்கே போவது? செய்முறையைப் பதினொரு மணிக்குப் பிறகு வையுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்பதில் தவறில்லை. ஈரப்பதனால் வில்லைகளில் பூஞ்சை பிடிப்பதும் சாதாரணம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நீலம் நிறம் மாறும்போது சூடாக்கி மறுபடி போட்டால் கருவி பல வருடம் நிற்கும்.

அரியக் கோணம் 60 பாகை, இழிவு விலகல் 40 பாகை என்றால் முறிவுச் சுட்டி என்ன? கூட்டுத்தொகையில் பாதி 50, அதன் சைன் 0.766. அரியக் கோணத்தில் பாதி 30, சைன் 0.5. வகுத்தால் 1.53. இழிவு விலகலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் கேட்கப்படும்: அரியத்தை ஒரே திசையில் சுழற்றும்போது பிம்பம் நகர்ந்து, நின்று, திரும்பும் இடம்.

யூடியூப்பில் தமிழ்நாட்டு வகுப்புகளைப் பார்த்துப் படிக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் சொற்களில் கண்ணி இருக்கிறது. அங்கே ‘ஒளிவிலகல்’ என்றால் நாம் முறிவு என்பது. நமக்கு ‘விலகல்’ என்றால் அரியத்தில் கதிர் திரும்பும் கோணம். இரண்டும் வேறு வேறு. அவர்களுடைய எதிரொளிப்பு நம் தெறிப்பு, முப்பட்டகம் நம் அரியம், குறுக்கீட்டு விளைவு நம் தலையீடு, விளிம்பு விளைவு நம் கோணல். இயற்பியல், வேதியியல் என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருக்கும் இந்தச் சின்னச் சொற்கள்தான் வினாவை மாற்றி விளங்க வைக்கும். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: நம் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல்.

மூன்றாவது நிரல் பிறகும் உதவும். பல்கலைக்கழகத்தில் துணை மருத்துவப் பாடநெறிகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். அங்கே போனதும் ‘ரிஃப்ரக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தெரியவரும். வகுப்பில் ஒளிமுறிவு, கிளினிக்கில் கண்ணாடி எண் அளப்பது.

இசட் புள்ளி போதவில்லை. தனியார் நிறுவனத்தில் சேரலாமா?

சேரலாம், சேரும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. கிடைப்பது பட்டமா, டிப்ளோமாவா? பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது, அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றிருக்கிறதா? டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனமும் பாடநெறியும் பதிவானவையா? நிறுவனம் பதிவாகியிருந்து பாடநெறி பதிவாகாமல் இருப்பதும் உண்டு, இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

பிறகு கிளினிக்கைக் காட்டச் சொல்லுங்கள். ரெட்டினோஸ்கோப் (ஒளி பாய்ச்சிக் கண்ணாடி எண்ணைக் கணிக்கும் கருவி), ஸ்லிட் லாம்ப் (கண்ணைப் பெருப்பித்துப் பார்க்கும் கருவி), ட்ரயல் செட் (சோதனை வில்லைப் பெட்டி) இவை எத்தனை, எத்தனை மாணவருக்கு? உண்மையான நோயாளிகளை மாணவர் பார்க்கிறார்களா, ஒருவரையொருவர் மட்டும் பார்க்கிறார்களா? ரெட்டினோஸ்கோப்பி கைப்பழக்கம். நூற்றுக்கணக்கான கண்களைப் பார்க்காமல் வராது. கட்டணத்தோடு கொழும்பில் தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டே முற்பணம் கட்டுங்கள்.

அதற்கு முன் இன்னொன்று. பேராதனைப் பல்கலைக்கழகத் துணை மருத்துவ விஞ்ஞான பீடம் கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாதியியல், மருந்தாக்கவியல், கதிர்ப்படவியல், இயன்மருத்துவம் (பிசியோதெரபி), மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப ஒழுங்கில் இவற்றை எழுதாமல் விடுவது வீண் பிடிவாதம்.

இந்தியாவில் படிப்பதென்றால்?

சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஒப்டோமெட்ரிப் பாடசாலை 1985இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் வேறு கல்லூரிகளும் பல உண்டு. நான்கு வருடப் பட்டத்தில் கடைசி வருடம் பெரும்பாலும் வைத்தியசாலைப் பயிற்சி. அனுமதி முறை கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். வெளிநாட்டு மாணவருக்கான விண்ணப்பமும் கட்டணமும் தனி என்பதால் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். உயர்தரச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் சமநிலைச் சான்று கேட்பார்கள், முன்கூட்டியே தொடங்குங்கள். சுற்றுலா வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் முகவரிடமிருந்து விலகி நில்லுங்கள். மாணவர் வீசா எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

ஓஏடி பரீட்சையை உயர்தரம் முடித்ததும் எழுதலாமா?

அது அமெரிக்க ஒப்டோமெட்ரிக் கல்லூரிகளுக்கான பரீட்சை. அங்கே அந்தப் படிப்பு பட்டப்படிப்புக் காலத்துக்குப் பிந்திய நான்கு வருடம். உயர்தரத்தோடு நேராகப் போக முடியாது. அமைப்பைத் தெரிந்துகொள்ள: இயற்கை விஞ்ஞானப் பகுதியில் உயிரியல் 40, பொது இரசாயனம் 30, சேதன இரசாயனம் 30, மொத்தம் 100 வினா 90 நிமிடத்தில். வினாவுக்கு 54 விநாடி. பௌதிகவியல் 40 வினா 50 நிமிடம், கணிதம் 40 வினா 45 நிமிடம், அவற்றுடன் ஆங்கில வாசிப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் 200 முதல் 400 வரை புள்ளி. எல்லாம் கணினியில், எல்லாம் ஆங்கிலத்தில். நம் பல்தேர்வின் வேகத்துக்குப் பழகியவர் இந்த நேரத்தைப் பார்த்துத் திகைப்பார்.

பரீட்சைக்கு முன் சரிசெய்ய வேண்டிய ஆவணங்கள்?

பெயர். தோட்டப் பகுதிகளில் இதுவே பெரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பாடசாலைப் பதிவில் அப்பாவின் பெயரே வேறு. பரீட்சை எழுதும்போது தடை வராமல் போகலாம். பல்கலைக்கழகப் பதிவிலும் கடவுச்சீட்டிலும் வந்து நிற்கும். திருத்தம் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில். ஒரு நாளில் முடியும் வேலையல்ல, 12ஆம் தரத்திலேயே தொடங்குங்கள். முதலில் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அதை வைத்துத்தான் மற்றவற்றை மாற்ற வேண்டும். அனுமதி அட்டையில் பாடமும் மொழிமூலமும் சரியா என்று கிடைத்த அன்றே பார்த்து, பிழை இருந்தால் அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

மழைக்காலத்தில் பரீட்சை வந்தால்?

2024, 2025 இரண்டு ஆண்டும் நவம்பர் இறுதியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டது. நம் பக்கத்தில் வெள்ளத்தைவிட மண்சரிவுதான் பாதையை மூடும். மேல் டிவிஷனில் வீடு என்றால், பரீட்சை நாட்களில் நிலையத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். காலை முதல் பஸ்ஸை நம்பி இருக்க வேண்டாம். அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் தடித்த பொலித்தீன் உறைக்குள் வைத்து, இரண்டினதும் பிரதியை வேறு பையில் வையுங்கள். ஒத்திவைப்புச் செய்தியைத் திணைக்களத்தின் அறிவித்தலில் மட்டும் உறுதிசெய்யுங்கள்.

பிள்ளை கண்ணாடி போடுகிறார். ஒப்டோமெட்ரி படிக்க அது தடையா?

கண்ணாடியோடு தெளிவாகத் தெரிந்தால் தடையில்லை. நிறப்பார்வையை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. குறைபாடு இருந்தால் சேரும் நிறுவனத்திடம் முன்பே கேட்கலாம். அதைவிட அவசரமானது, எண் மாறியதைக் கவனிக்காமல் இரண்டு வருடம் பழைய கண்ணாடியோடு கரும்பலகையைப் பார்ப்பது. பரீட்சைக்கு மூன்று மாதம் முன் கண்ணைச் சோதித்துவிடுங்கள். குளிரிலிருந்து மண்டபத்துக்குள் போனதும் வில்லையில் நீராவி படியும், சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். சட்டைப் பையில் ஒரு மெல்லிய பருத்தித் துணி இருக்கட்டும்.